வண்டிக்கூலி

வாரத்தில் ஐந்து நாள் என் வேலை
இல்லை என்று சொல்வது.
கொலம்பஸில் ஒரு காப்பீட்டு நிறுவனம், ஏழாவது மாடி.
முதுகு பிடித்துக்கொண்டவர்கள், கூரை ஒழுகுகிறவர்கள்.
முக்கால்வாசிப் பேர் உண்மையைத்தான் சொல்கிறார்கள்.
தாள்தான் ஒத்துழைப்பதில்லை.

சனிக்கிழமை எழுபது மைல் ஓட்டிப்போய்
ஒரு கவுண்டி நீதிமன்றத்தின் நிலவறையில் உட்காருகிறேன்.
முதன்முதலாகப் போனது ஏதோ வேலிச் சண்டைக் கோப்புக்கு.
பிறகு ஏன் போகிறேன் என்று யாரும் கேட்கவில்லை.
ஈரம் உறிஞ்சும் எந்திரம் வாளியில் சொட்டிக்கொண்டிருக்கும்.
நோரீன் ஸ்டக்கி சாவிக்கொத்தோடு வருவாள்,
பென்சில் மட்டும் என்று சொல்லி
என் பேனாவைப் பிடுங்கி மேசைக்குள் போட்டுப் பூட்டுவாள்.

உள்நாட்டுப் போருக்கு இந்தக் கவுண்டி அனுப்பியது
ஆயிரத்துச் சொச்சம் பேரை.
சதுக்கத்துக் கருங்கல்லில் அறுநூற்றுப் பன்னிரண்டு பெயர்.
மிச்சத்தை நாங்கள் இருவரும் தேடுகிறோம்,
வரி ரசீதில், குழிவெட்டியின் கூலிப் பட்டியலில்,
ஒருமுறை, களவுபோன பன்றி பற்றிய புகாரில்.

லெமுவெல் அப்படித்தான் அகப்பட்டான்.
படைப்பதிவில் அவன் பெயர் சி-யில் தொடங்குகிறது,
மக்கள்தொகைக் கணக்கில் ஜி-யில்,
திருமணப் பதிவில் கே, நடுவே டி-க்குப் பதில் இரண்டு டீ.
மூன்று ஆள் என்று நோரீன் மூன்று அட்டை போட்டிருந்தாள்.
நான் என் நோட்டில் தமிழில் எழுதிப் பார்த்தேன்:
க்ராடி.
மூன்று பேரும் ஒரே ஆளாய் எழுந்து நின்றார்கள்.

பென்ஷன் மனுவின் நகல் வாஷிங்டனிலிருந்து வந்தது.
விழுப்புண் எதுவும் இல்லை. வயிறு.
விக்ஸ்பர்க் சதுப்பில் குடித்த தண்ணீர்;
அதற்கப்புறம் இருபத்தோரு வருடம்
ஒரு முழுச் சாப்பாட்டைத் தாங்காத வயிறு.
பக்கத்துப் பண்ணைக்காரன் சாட்சி சொல்கிறான்:
'அறுப்புக்கு அவனைக் கூப்பிடுவதை விட்டுவிட்டோம்.
ஒரு வரிசை முடிவதற்குள் புதர்ப்பக்கம் ஓடுவான்.
நல்ல மனுஷன். கூலியில் பாதியைத் திருப்பிக் கொடுப்பான்.'
மனைவி கெசையா, பெயருக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி.
1884 நவம்பர். எழுத்தருக்கு அழகான கையெழுத்து:
நோய் பணியின்போது தொடங்கியதற்கு ஆவணமில்லை.
நிராகரிக்கப்பட்டது.

இந்த வாக்கியம் எனக்குப் பழக்கம்.
போன செவ்வாய்க்கிழமைகூட எழுதினேன்,
'பணியின்போது' என்ற இடத்தில் மட்டும் வேறு சொல்.

மூன்று வாரம் கழித்து, வேறு யாரையோ தேடி
ஏழைகள் நிவாரணக் கணக்கைப் புரட்டுகிறேன்.
எலி தின்ற ஓரம். சவப்பெட்டிக்கு நான்கு டாலர்.
விதவை ஒருத்திக்கு விறகு, அரை வண்டி.
அதற்குக் கீழே,
'ஆகஸ்ட் 9, 1863. படையிலிருந்து வந்த க்ராடியை
ரயிலடியிலிருந்து வீடுவரை வைக்கோலில் கிடத்திக்
கொண்டுபோன வகையில், வயிறு கண்டு நடக்க முடியாததால்,
ஜே. பெண்டர்காஸ்ட்டுக்கு, ஐம்பது சென்ட்.'

அவர்கள் கேட்டது இதைத்தான்.
மேல்மாடியில் அவன் கையை உயர்த்திச் சத்தியம் செய்தபோது
பதினான்கு படிக்குக் கீழே இது இருந்தது.
யாரும் இறங்கி வரவில்லை.
இறங்கச் சொல்லி அவனுக்கும் தோன்றவில்லை.
தன்னை ஏற்றிவந்த வண்டிக்குக் கவுண்டி கூலி கொடுத்தது
அவனுக்குத் தெரியுமோ என்னவோ.

'மேல்முறையீடு செய்யலாமா?' என்றேன்.
நோரீன் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.
மூன்று அட்டையையும் சேர்த்து ஒரு கிளிப் போட்டாள்.
கிளம்பும்போது பேனாவைத் தர மறந்துவிட்டாள்,
நானும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை என் மேசையில்
கிடங்கு ஏணியிலிருந்து விழுந்த ஒருவரின் கோப்பு.
அன்றே மருத்துவமனை போனதற்குச் சீட்டு இல்லை.
மூடவேண்டியது. எண்ணைச் சுழற்றினேன்.
'ஒரே ஒரு கேள்வி,' என்றேன்.
'அன்றைக்கு உங்களை வீட்டுக்கு
யார் கொண்டுவந்து விட்டது?'

எதிர்முனையில் கொஞ்ச நேரம்
டிவி ஓடும் சத்தம் மட்டும்.