விலை கேட்கும் முகம்

முகம்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்.
ஆகவே ரோப் வாக்கில் கால் வைத்ததும்
அதைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

ஞாயிறு, காலை ஒன்பது.
தவ்கே ஊய் கடையில்
சைக்கிள் டயர்களுக்கும்
பல் டாக்டர் நாற்காலி ஒன்றுக்கும் நடுவே
அது நின்றது.
நான்கு இழுப்பறை. ஒரு கால் ஊனம்.
தலையெல்லாம் கோப்பிக் கோப்பை பதித்த வெள்ளை வட்டம்.

நான் டயரைப் பார்த்தேன்.
டயருக்கு விலை கேட்டேன்.
பிறகு ஒரு டார்ச், ஒரு தையல் மெஷின் மூடி.
நாலாவதாகத்தான், கொட்டாவியோடு,
மேல் இழுப்பறையை உருவினேன்.

விரலுக்கு வாய் இல்லாதது நல்லதாயிற்று.
அடிப்பலகையில் இழைப்புளி போன மேடும் பள்ளமும்
ஒவ்வொன்றாய் அகப்பட்டன.
மெஷின் அறுத்த பலகை கண்ணாடி மாதிரி இருக்கும்;
இது அலை வற்றிய மணல்.
மூலையில் புறாவால் பூட்டுகள்,
ஒன்றைப்போல் ஒன்று இல்லை.
ஒன்று ஒல்லி. ஒன்று கொஞ்சம் சாய்வு.
மூன்றாவதை வெட்டும்போது
அந்த இங்கிலீஷ் தச்சனுக்குப் பசித்திருக்க வேண்டும்.
முகப்பு மகோகனி. பக்கம் ஓக்.
பக்கப்பலகையின் அடிவிளிம்பு
இருநூறு வருஷம் திறந்து மூடி, திறந்து மூடி,
குளியலறைச் சோப்பைப்போல் இடுப்பு வற்றியிருந்தது.
இந்தத் தேய்வை எந்த உளியாலும் செய்ய முடியாது.

வாரம் ஆறு நாள்
பட்டர்வொர்த்தில் கொள்கலன் எண்ணுகிறவன் நான்.
எண்கள் தாமாக ஏறின:
லண்டன் ஏலத்தில் இவ்வளவு,
கோலாலம்பூர் வக்கீல் வீட்டு வரவேற்பறைக்கு இவ்வளவு.
எச்சில் விழுங்கினேன்; அதையும்
இருமலாக மாற்றிவிட்டேன்.

"பூச்சி தின்னது" என்றேன்.
"கைப்பிடி புதுசு.
மழை வந்தால் உப்பிக்கொண்டு திறக்கவே திறக்காது.
தைப்பிங்கில் செய்ததா?"
தவ்கே காது குடைந்துகொண்டிருந்தார்.
"தெரியாது லா" என்றார்.

ஆயிரத்து எண்ணூறு வெள்ளி
எண்ணூற்றைம்பதுக்கு இறங்கி வந்தது.
இன்னொரு இழுப்பறையை உருவியிருக்கலாம்.
குனிந்து, கூட்டுக்குள் டார்ச் அடித்திருக்கலாம்.
ஆனால் வேண்டாதவன்
அவ்வளவு நேரம் பார்ப்பானா?

ஆயர் ஈத்தாம், பதினோராம் மாடி.
லோரிக்காரன் போன பிறகு
இழுப்பறை நான்கையும் கட்டில்மேல் கிடத்திவிட்டு
வெறும் கூட்டுக்குள் தலையை விட்டேன்.

இழுப்பறை ஓடும் சட்டம்
பிளேடு மாதிரி கூராக இருந்தது.
பள்ளமில்லை. வழுவழுப்பில்லை.
இருநூறு வருஷம் நடந்து தேய்ந்த கால்
ஒரு சுவடுகூட வைக்காத படிக்கட்டு.
முதுகில் மெராந்திப் பலகை,
அதில் வட்டவாளின் வளைந்த கீறல்,
யாரோ சுண்ணாம்புக்கட்டியால் எழுதிய ஒரு சீன எழுத்து.

இழுப்பறை அந்த ஊர். கூடு இந்த ஊர்.
தொழிலில் இதற்குக் கல்யாணம் என்று பெயர்.
மற்ற பாதி எந்தக் கப்பலில் ஊறியதோ,
எந்த பங்களாவில் கறையான் பந்தியில் உட்கார்ந்ததோ.
வாய்க்கு வந்தபடி தைப்பிங் என்றேனே,
நான் சொன்னதில் அது ஒன்றுதான்
உண்மையாகிவிட்டதோ என்னவோ.

கணக்கை மறுபடி போட்டேன்.
லண்டன் போயிற்று. வக்கீல் போனார்.
மிச்சம் எண்ணூற்றைம்பது.
ஒரு சல்லி கூடவுமில்லை, குறையவுமில்லை.

ஏசலாம் என்று போனை எடுத்தேன்.
என்ன சொல்லி ஏச?
அவர் பேசியதே ஒரு வார்த்தை.
பூச்சியும் மழையும் கொட்டாவியும்
என் சரக்கு.

தவமணி அதற்குள்
இழுப்பறைகளை மாட்டி, என் பனியன்களை அடுக்கி,
இடுப்பால் ஒரு தள்ளு தள்ளினாள்.
சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.
"நல்லாத்தான் ஓடுது. எவ்வளவு?"

முகத்தைத் தேடிச்
சட்டைப்பைக்குப் போயிற்று கை.
சட்டை
துவைக்கப் போயிருந்தது.