ஒப்பீட்டு நபர்

கொண்டை ஊசி ஐந்து, மூக்குத்தி, ஜெபமாலை.
மெட்டி மட்டும் வரமாட்டேன் என்றது.
சோப்புத் தண்ணீரோடு வந்த மஞ்சப்பா
'மெதுவா, மெதுவா' என்றார்,
பாதி கன்னடம், பாதி தமிழ்,
பிரசவம் பார்ப்பவர் மாதிரி.

படிவத்தில் எனக்குப் பெயர் இல்லை.
ஒப்பீட்டு நபர், எண் முப்பத்தொன்று.
பெனடிக்ட் என்று ஞானஸ்நானம் வாங்கி
விவேக்நகர் சந்துகளில் பென்னி என்று ஓடித் திரிந்தவனும்
இன்று முப்பத்தொன்றுதான். நோயாளி வரிசையில்.
ஒரே வயிறு. இரண்டு வயது வித்தியாசம்.
இருவருக்கும் வலக்கைப் பழக்கம்.
தராசுக்கு இதைவிட நல்ல படிக்கல் கிடைக்காது.

டாக்டர் சுமேதா பேனாவின் மழுங்கிய முனையால்
என் பின்தலையைத் தொட்டுக் காட்டினார்,
கொண்டை உட்காரும் இடத்துக்குச் சற்றுக் கீழே.
'பார்க்கிறது இங்கேதான் நடக்குது.
கண்ணு வெறும் வாசல்.'
எனக்குச் சிரிப்பு வந்தது.
பென்னி அடுத்த வீட்டுக் கண்ணாடியை உடைத்துவிட்டு வந்தால்
அடுப்பைப் பார்த்தபடியே அம்மா சொல்வாள்:
'எனக்குப் பின்னாடியும் கண்ணு இருக்குடா.'

குழாய்க்குள் படுத்தேன்.
நடு மண்டையில் யாரோ போர்வெல் போட்டார்கள்.
முகத்துக்கு மேலே கறுப்பும் வெள்ளையுமாய்க் கட்டங்கள்
இடம் மாறின, மாறின, மாறின.
நடுப்புள்ளி சிவந்தால் பொத்தானை அழுத்த வேண்டும்.
அழுத்தினேன். எல்லா முறையும் சரியாக.

அவனுக்கு அது ஈஜிபுரா சிக்னலில் தொடங்கியது.
பச்சை விழுந்தும் பைக்கை எடுக்கவில்லை.
பின்னால் மொத்த ரோடும் ஹாரன் அடிக்க
'சிவப்பு இன்னும் கத்துதுக்கா' என்று போனில் அழுதான்.
பிறகு படிக்கட்டின் விளிம்புகள் தொலைந்தன.
பிறகு காம்பவுண்டு சுவர்
தினம் ஒரு விரற்கடை அறைக்குள் வந்தது.
நாங்கள் சேர்ந்து முறைத்துப் பார்த்தோம், நான், அம்மா, பாதிரியார்.
சுவர் எங்களுக்கு நகரவில்லை.

கடைசியாக ஒரு சோதனை, மெஷின் இல்லாமல்.
குச்சியில் செருகிய பிளாஸ்டிக் முகமூடி
மெல்லச் சுற்றும். என்ன தெரிகிறது என்று சொன்னால் போதும்.
முகம், என்றேன். சுற்றியது. முகம். சுற்றியது.
இப்பவும் முகம்தான், மூக்கு என் பக்கம் நீட்டியிருக்கு.
பென்னி தலையைச் சொறிந்தான்.
'இது பின்பக்கம். குழி. கிண்ணம் மாதிரி.'

அவன் சொன்னதுதான் சரி.
நான் தப்பு. ஒப்பீட்டு நபர்கள் அநேகமாக எல்லோரும் தப்பு.
தெரிந்த முகம் என்று மூளை முந்திக்கொண்டு
பள்ளத்தை நிரப்பிவிடுகிறதாம்.
ஆரோக்கியம் என்ற கட்டத்தில் டிக் போட்டுக்கொண்டு
நாங்கள் ஏமாறுகிறோம், ஒழுங்காக, ஒன்றுபோல.

என் கல்யாண ஆல்பத்தைப் புரட்டியவன்
எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பக்கத்தில் நின்று சொன்னான்:
'நீ இதுல சிரிக்கலக்கா. வாய்தான் அப்படி இருக்கு.'
மாத்திரை போட்டியா என்று கேட்டேன்.

திரையில் இரண்டு மூளை, பக்கத்தில் பக்கத்தில்.
பின்பக்கம் எங்கே மெலிந்திருக்கிறது, காட்டுங்கள் என்றேன்.
டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
'ஒருத்தர் படத்தை வச்சு எதுவும் சொல்ல முடியாதும்மா.
நூற்றுப்பத்துப் பேரோட சராசரியில ஒரு இழை வித்தியாசம் வரலாம்.
வராமலும் போகலாம்.'
ஒரு இழை.
அம்மா விற்ற வளையல், அவன் விட்ட வேலை,
கதவுக்கு வெளியே போட்ட தாழ்ப்பாள்,
எல்லாம் அந்த இழையில் தொங்குமா என்று
கேட்கத் தெரியவில்லை.
பயணப்படி நானூறு ரூபாய்க்குக் கையெழுத்துப் போட்டேன்.

ஓசூர் ரோட்டில் பஸ் ஏறினோம்.
முன்பக்கம் பெண்கள், அவன் எனக்கு நேர் பின்னால்.
'யாரோடது நல்லா வந்திருக்கு?' என்றான்,
ஸ்டூடியோவில் போட்டோ எடுத்தவன் மாதிரி.
'ரெண்டுமே கறுப்பு வெள்ளைதான்டா.'

டெய்ரி சர்க்கிள் தாண்டியது.
'அக்கா, உன் கொண்டை அவிழுது.'
ஐந்து ஊசியும் மஞ்சப்பாவின் தட்டிலேயே கிடக்கின்றன.
நான் திரும்பவில்லை.
பேனா தொட்ட அந்த இடத்தில்
தம்பி பார்த்துக்கொண்டிருக்கிறான்.