இரண்டாம் சனிக்கிழமை ஓ.பி.

மஞ்சக்குப்பத்தில், மெடிக்கல் ஷாப்புக்கு மேலே என் அறை.
ஏசி ஓடினால் சிப்காட் வாடை உள்ளே வராது என்று
பொருத்திப் போனவர் சத்தியம் செய்தார்.
தென்காற்று அடித்தால் வரும்.

கண்ணாடி இருக்கிறது, மேசையின் மூன்றாம் டிராயரில்.
வருகிறவர்கள் சுவரெல்லாம் தேடுவார்கள்.
"பாக்காமலே காட்டுங்க,
எது உங்கள உறுத்துது?"
விரல் மேலெழும்.
சில விரல்கள் நேரே போய் உட்காரும்,
இருட்டிலும் தன் படகை அறிந்தவன் போல.
சில, மூக்கைத் தொட்டு, தாடைக்கு இறங்கி,
கண்ணுக்குக் கீழே தயங்கி,
மறுபடி மூக்குக்கே வரும்.
அலையும் விரலுக்கு நான் கத்தி எடுப்பதில்லை.
டீ சொல்வேன்.

தேவனாம்பட்டினத்துப் பாவாடை.
விசைப்படகில் அறுந்த கயிறு
கன்னத்தில் ஒரு கோடு கிழித்திருந்தது.
"தழும்ப அழிக்கணுமா?"
"அது கெடக்கட்டும் டாக்டரம்மா.
கீழ் ரெப்பைய இழுத்துப் புடிக்குது, தண்ணி வழியுது.
அழுவுறேன்னு நெனைக்கிறானுங்க.
அத மட்டும் நிறுத்துங்க."
அதை மட்டும் நிறுத்தினேன்.
கோடு அப்படியே இருக்கிறது. சிரித்தால் வளையும்.

ஒரு கல்லூரிப் பையனோடு அவன் மாமா வந்தார்.
காது, பல், கழுத்து எல்லாம் மாமாவே பேசினார்.
மாமாவை வெளியே உட்காரச் சொன்னேன்.
அதற்குப் பிறகும் பையன் பேசவில்லை.
இருபது நிமிடம், ஏசித் தண்ணீர் பக்கெட்டில் சொட்டும் சத்தம்.
எழுந்து போகும்போது "தேங்க்ஸ் மேடம்" என்றான்.
எதற்கென்று இன்றுவரை தெரியாது.

அஞ்சலாட்சியைச் சொல்லாமல் இதை முடிக்கக் கூடாது.

பண்ருட்டிப் பக்கம், முந்திரிக் கம்பெனியில் பருப்பு உடைப்பவள்.
விரல் நுனிகள் ஓட்டெண்ணெயில் கருத்தவை.
மகளின் மஞ்சள் நீராட்டுக்கு ஜிமிக்கி போட வேண்டும்,
மடலோ கிழிந்து இரண்டாய்ப் பிரிந்திருந்தது.
அரைமணி நேர வேலை. ஐந்து தையல்.
வெளியே பதினோரு பேர் காத்திருந்தார்கள்.
"உங்க வீட்டுல யாருக்காவது
காயம் ஆறின பிறகும் தழும்பு வளருமா?"
ஒரே ஒரு கேள்வி. அன்று கேட்கவில்லை.

நான்காம் மாதம் வந்தாள்.
மடலின் ஓரத்தில் பழுப்பாக, வழவழப்பாகத் தொங்கியது,
பழத்துக்கு வெளியே தொங்கும்
அவள் ஊர்க் கொட்டையைப் போல.
திட்டுவாள் என்று காத்திருந்தேன்.
"எங்க அண்ணன் தோள்ல இருக்கு மேடம்.
கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

மாதாமாதம் இரண்டாம் சனி ஊசி.
மெல்ல அமுங்குகிறது, முழுதும் போகாது.
அதையும் அவளிடம் சொல்லிவிட்டேன்.
காசு வாங்குவதில்லை. கால் கிலோ பருப்பு கொண்டுவருவாள்.
மறுத்தபோது சொன்னாள்,
"அப்ப காச வாங்கிக்குங்க."

இன்று நெய்வேலியிலிருந்து மதுவந்தி.
இருபத்திரண்டு வயது.
போனில் அவள் முகம்,
ஒரு துளை, ஒரு நிழல் இல்லாத தோலோடு.
காட்ட நீட்டியவள் கையை இழுத்துக்கொண்டாள்.
"வெளிய ஒரு அக்கா காதக் காட்டினாங்க.
நீங்க பண்ணதா?"

பக்கெட்டில் ஒரு சொட்டு.
"ஆமா. நான் பண்ணதுதான்."

"அப்பறம் ஏன் உங்ககிட்டயே வராங்க?"

டிராயரைத் திறந்தேன், மூடினேன்.
ஊதா மார்க்கரின் மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினேன்.
"அத அவங்ககிட்டதான் கேக்கணும்."

போனைக் குப்புற வைத்தாள்.
நான் கேட்காமலே விரலைத் தூக்கினாள்.
மூக்குக்குப் போகும் வழியில்
அது நின்றுவிட்டது, காற்றில்.

கீழே நெல்லிக்குப்பம் பஸ்ஸின் ஹாரன்.
"டீ சொல்லவா?"

"சக்கர கம்மியா" என்றாள்,
விரலை இறக்காமல்.