அட்டை

காலில் ரத்தம் என்றார் சுப்பவைசர்.
அட்டை சேர், என்றேன்.
ஏழாம் நம்பர் மலையில், அடைமழை மாதத்தில்
அதைவிட நம்பத் தகுந்த பொய் கிடையாது.
சுண்ணாம்பு தடவச் சொல்லிவிட்டு
அடுத்த நிரைக்குப் போனார்.
இடுப்புப் படங்கை
இன்னொரு சுற்று இறுக்கினேன்.

அட்டை குடிப்பது கொஞ்சம்.
வயிறு நிறைந்தால் தானே விழுந்துவிடும்.
இது விழவில்லை.
ஒன்பது நாள். சில மாதம் பதினொன்று.
ராத்திரியில் ரெண்டு தரம் எழும்பி
பீலியடியில் துணி அலசுவேன்.
டோர்ச் வெளிச்சத்தில்
ஈரல் துண்டு போலக் கட்டி கட்டியாய்ப் போகும்.
மச்சாள் ஒருநாள் பார்த்துவிட்டாள்.
எங்கம்மாவுக்கும் இப்படித்தான், என்றேன்.

எங்கம்மா முப்பத்தெட்டில் செத்தாள்.
அந்தக் கணக்கை நான்
சேர்த்துப் பார்த்ததில்லை.

பிறகு பசி மாதிரி ஒன்று வந்தது,
பசி இல்லை.
அரிசியைப் பச்சையாய் மென்றேன்.
கொழுந்து மடுவத்தின் ஈரச் செங்கல்
நாக்கில் ஊறியது.
லயத்துப் படி பதினாலு ஏறுவதற்குள்
நெஞ்சுக்குள் பிரட்டுத் தப்பு அடித்தது.
பதினெட்டுக் கிலோ எடுத்த கை
பதினொன்றில் நின்றது.
அரைப் பேர் போட்டார்கள்.

பிள்ளைக் காம்பராவுக்கு
குழந்தைகளைத் தராசில் தொங்கவிட்டு நிறுக்க வந்த
சந்தமாலி மிஸ்
என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார்.
ஒன்றும் பேசவில்லை கொஞ்ச நேரம்.
பிறகு தன் உடைந்த தமிழில்:
"நீங்க கொழுந்து எண்ணுறது தானே,
இதையும் எண்ணுங்க.
எத்தனை நாள். எத்தனை துணி.
கட்டி ரெண்டு ரூவா காசை விடப் பெரிசா.
ஒரு மணிக்கு ஒண்ணு நனைஞ்சி
ரெண்டு மணித்தியாலம் அப்படியே போனா,
மயக்கம் வந்தா, மூச்சு வாங்கினா
பிரட்டுக்குப் போறது இல்ல.
அன்னைக்கே ஆஸ்பத்திரி.
இது பொம்பளை விதி இல்ல அக்கா,
வருத்தம்."

சம்பளச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதினேன்.
முன்பக்கம்
கோயில், மாவு, முற்பணம், சங்கச் சந்தா
என்று கழிவுகள்.
பின்பக்கம் நானே போட்ட கோடுகள்.
ரெண்டாம் நாள் கோடு எழுத இடம் போதவில்லை.
மூன்றாம் நாள்
கோடு போட்ட கை எனக்குத் தெரியாமல் விழுந்தது.

டிக்கோயாவுக்கு ஓட்டோ.
சீட்டில் விரிக்க உரச் சாக்கு கொண்டுபோனாள் மச்சாள்.
டொக்டர் அந்தச் சீட்டைத்தான் முதலில் கேட்டார்.
ரத்தத்தில் ஆறு புள்ளி நாலு.
சிங்களத்தில் என்னவோ சொன்னார்;
எட்டண்டன் திருப்பிச் சொன்னான்:
"இதோடயா மலை ஏறின, என்று கேட்கிறார்."
ஸ்கேனில் தேசிக்காய் அளவில் ஒரு கட்டி.
புற்று இல்லை. மருந்து இருக்கிறது,
சரிவராவிட்டால் ஒப்பரேசன் இருக்கிறது.
முகம் தெரியாத யாரோ கொடுத்த ரத்தம்
ரெண்டு பை ஏறியது.
சொட்டுச் சொட்டாய்,
பையில் அளவு எழுதியிருந்தது.
போனதை யாரும் அளந்ததில்லை.

வரும்போது இரும்பு மாத்திரை தந்த நர்ஸ்
விரலை நீட்டிச் சொன்னாள்:
"இதோட தேத்தண்ணி குடிக்கக் கூடாது.
இரும்பை உடம்புல சேர விடாது."
இருபத்திரண்டு வருசமாய்க் கொழுந்து கிள்ளிய நான்
தையல் இல்லாத வயிறு நோகச் சிரித்தேன்.

இன்றைக்கு மறுபடி ஏழாம் நம்பர்.
பக்கத்து நிரையில் புஷ்பகாந்தி,
இருபத்தாறு வயது,
படங்கை மூன்றாம் சுற்று இறுக்குகிறாள்.
காலில் ரத்தம் என்கிறார் சுப்பவைசர்.
அட்டை சேர், என்கிறாள் அவள்.

அவர் தாண்டிப் போகட்டும் என்று நின்றேன்.
எந்த அட்டைடி, என்று கேட்டேன்.
சட்டைக்குள்ளிருந்து எடுத்தேன்,
மழை படாமல் சீனிப் பையில் சுற்றி வைத்திருந்த
என் கிளினிக் அட்டையை.

அவள் இன்னும் பதில் சொல்லவில்லை.
கொழுந்தைக் கிள்ளாமல் நிற்கிறாள்.