ஜோடி எண் நூற்றுப் பதினான்கு

பொருத்தம் பார்ப்பது என் வேலை.
வயதில் ஐந்தாண்டு முன்பின் இருக்கலாம்.
ஆணுக்கு ஆண். ஊர் ஒன்றாக வேண்டும்.
தக்குவரெம்போ ஆஸ்பத்திரியில்
உணவுக்குழாய் அடைத்துக் கிடக்கும் ஒவ்வொருவருக்கும்
இறைச்சி தடங்கலின்றி இறங்கும் தொண்டை ஒன்றை
அதே ஊரில் தேடிப் பிடிக்க வேண்டும்.
ஒருவரை மற்றவர் அறியக் கூடாது.
மாப்பிள்ளைக்கே சொல்லாமல் நடத்தும் கல்யாணம் என்பாள்
எதிர் மேசை இதெல்மா.

நூற்றுப் பதினான்கு பேசமாட்டார்.
குரல் இருக்கிறது, எச்சில்தான் விடமாட்டேன் என்கிறது
என்று பலகையில் எழுதிக் காட்டினார்.
நாற்பத்திரண்டு கேள்விகள்.
முப்பத்தொன்றாவது:
மாத்தே குடிக்கும் நீர் இளஞ்சூடா, சூடா, மிகுந்த சூடா?
பென்சிலை அழுத்தி
என் கட்டம் எதிலும் அடங்காமல்
'நாக்கு பொத்துப்போகும் சூடு' என்றெழுதிச் சிரித்தார்.
சிரிப்பு மட்டும் எங்கும் சிக்காமல் இறங்கியது.

முடிவில் 'கிராசியாஸ்' என்றெழுதினார்.
எங்கள் பக்கம் சுரைக்குடுவை கைமாறி வருகையில்
நன்றி என்று சொல்லிவிட்டால்
போதும், இனி எனக்கு ஊற்றாதே என்று பொருள்.
பழக்கத்தில் எழுதியிருக்கலாம்.
அதற்கும் ஒரு கட்டம் தேடினேன்.

அவருக்கு நான் பிடித்த ஜோடி
ருபேன் பிதெகாயின், ஆட்டுரோமம் கத்தரிப்பவர்.
மூன்று நாய்களைத் தாண்டிப் போனேன்.
கக்கத்தில் பிளாஸ்கை இடுக்கியபடியே கதவு திறந்தார்.
குடுவைக்குள் வெப்பமானி விட அனுமதி கேட்டேன்.
"காய்ச்சல் அதற்கா, எனக்கா?"
எழுபத்தெட்டு.
பதினாலு வயதில் தொடங்கிய அதே புகையிலை,
ஞாயிறு தவறாத அதே கருகிய விலாத் துண்டு.
கேட்கக் கேட்க
ஒரே தாளை இரண்டாம் முறை நிரப்புகிறேனோ என்றிருந்தது.

"எனக்கொரு ஜோடி உண்டு என்கிறாயே, யார்?"
சொல்லக் கூடாது.
"அவரும் கத்தரிதானா?"
சொல்லக் கூடாது.
"நலமா?"
நான் பேனாவை மூடினேன்.
மூடியின் சத்தம் கொஞ்சம் பெரிதாகக் கேட்டுவிட்டது.

ஆகஸ்டில் மொந்தேவிதேயோவிலிருந்து
கணக்குப் பார்க்கும் லோரெலே அழைத்தாள்.
ஒருவர் ஆம், ஒருவர் இல்லை என்றால்தான் எனக்குச் சேதி;
இருவரும் ஒரே பதில் சொன்னால் தராசு அசையாது,
அந்த ஜோடியைத் தள்ளிவிடுவோம்.
முப்பத்தொன்றில் நூற்றுப் பதினான்கு போயிற்று.
இப்படி எத்தனை ஜோடி?
பாதிக்கு மேல்.
ஊரே கொதிக்கக் கொதிக்கக் குடித்தால்
நான் எதை எதனோடு ஒப்பிட?

அவர் ஜூலையிலேயே போய்விட்டார்.
நாள், மாதம், ஆண்டு, எட்டுக் கட்டங்கள்;
நிரப்பியது நான்தான்.
சூடுதான் கொன்றது என்று அந்தச் சாவு சாட்சி சொல்லாது.
சூட்டில் ஒன்றுமில்லை என்று
ருபேன் மூச்சுவிடுவதும் சொல்லாது.
கூட்டலும் கழித்தலுமாய்
ஒருவரை ஒருவர் அடித்துவிட்டு நிற்கிறார்கள்,
ஒருநாளும் கைகுலுக்காதவர்கள்.

விடுபட்ட ஒரு கையெழுத்துக்காக
செப்டம்பரில் மறுபடி போனேன்.
நாய்கள் இரண்டுதான் குரைத்தன.
மேசையில் இரண்டு குடுவைகள்.
யாருக்கு இன்னொன்று?
"சொல்லக் கூடாதவருக்கு.
அவருக்கு என்றால் கொஞ்சம் ஆறவைத்துத்தான் ஊற்றுவேன்."
உங்களுக்கு?
"எனக்கு வழக்கம்போல."

கையில் கருவி இருந்தது. விட்டுப் பார்த்தேன்.
ஒன்றில் எழுபத்தெட்டு. மற்றதில் ஐம்பத்தொன்பது.

இனி இந்த ஜோடி கணக்கில் சேரும்,
எழுதத்தான் படிவம் இல்லை.

ஆறியதை எடுத்தேன்,
குழல் காற்றை உறிஞ்சி உறுமும் வரை குடித்தேன்.
குடுவையைத் திருப்பிக் கொடுத்தேன்.
நன்றி சொல்லவில்லை.