கட்டணமில்லாத் தந்தி

ஜன்னல் கதவைத் தூக்கிப் பத்து நிமிடம்.
எலுமிச்சை வாசனை முதலில் வந்தது,
பிறகுதான் அவள்.

கையுறையைக் கழற்றாமலே
தந்திப் படிவம் ஒன்று கேட்டாள்.
எவ்வளவு ஆகும் என்று
வாயெடுத்து
கேட்காமல் விட்டாள்.
முதலாளிக்குத் தொழிலாளி அனுப்பினால்
காசில்லை, சட்டம், என்றேன்.
நம்பவில்லை.
தாஃபி வியேஹோவில் காசில்லாமல் கிடைப்பது
முள் மட்டும்.

நெலிடா குவாய்மாஸ்.
அடையாள அட்டையில் இருந்த முகம்
இத்தனை வெயிலைப் பார்த்திருக்கவில்லை.

லாரியில் ஏற்றும்போது சொன்னது
பைக்கு இவ்வளவு.
சனிக்கிழமை உறையில் இருந்தது
அதில் முக்கால்.
காய் பச்சை, காய் சிறிசு, காம்பு நீளம்,
நடுவில் இரண்டு நாள் மழை என்று
உறைக்குள் காசு குறைந்த இடத்தில்
காரணங்களைப் போட்டு நிரப்பியிருந்தார்கள்.

பேசியதற்கு ஆதாரம்?
நான் கேட்டிருக்கக் கூடாது,
என் வேலை முத்திரை குத்துவது.
அவள் எடுத்தாள்
பிள்ளையின் பழைய கணக்கு நோட்டு.
நாளுக்கு ஒரு வரி, பைக்கு ஒரு கோடு,
ஐந்தாவது கோடு
மற்ற நான்கின் மேல் சாய்ந்து படுத்திருந்தது.
ஓரத்தில், கூலி பேசிய அன்று
லாரியில் நின்றவர்களின் பெயர்.
ஜூனில் மூன்று நாள் மட்டும்
சாறு பட்டு வெளிறிப்போயிருந்தது.

இருபத்தொரு வருடம்
சொற்களை எண்ணிக் காசு வாங்கியவன் நான்.
வாழ்த்துகள், ஒரு சொல்.
வர முடியவில்லை, இரண்டு.
இந்த ஜன்னலுக்கு முன் நின்று
மனிதர்கள் தங்கள் பாசத்தை
நறுக்கி நறுக்கிச் சிறிதாக்குவார்கள்.
இவளுக்கு எண்ணிக்கை இல்லை.
எழுதலாம், கை வலிக்கும் வரை.

மதிப்பிற்குரிய, என்று தொடங்கினாள்.
அடித்தாள்.
தயவுசெய்து, என்று எழுதி
அதையும் அடித்தாள்.
மூன்றாவது படிவத்தில் ஒரே மூச்சாக:

மே பன்னிரண்டு முதல் ஜூலை நான்கு வரை
இரண்டாயிரத்து நாற்பத்தொரு பை பறித்தேன்.
பேசிய கூலி ஒன்று கொடுத்த கூலி ஒன்று.
மீதியை நாற்பத்தெட்டு மணி நேரத்தில் தரவும்.
தராவிட்டால் வழக்கு.
ஏணியும் சரியில்லை.

ஏணிக்கு இது இடமில்லை
என்று சொல்ல வந்தேன்.
சொல்லுக்குத்தான் காசில்லையே,
இருக்கட்டும்.

பெறுநர்: ரோகேலியோ பெரால்டா, ஒப்பந்ததாரர்.
தெருவைப் படிக்க வேண்டியிருக்கவில்லை எனக்கு.
என் சின்ன மகளின் ஞானத்தந்தை.
ஞாயிறு மதியம் அவர் வீட்டில்தான் சாப்பாடு.
இறைச்சி வாட்டப் புதிதாகக் கட்டிய
செங்கல் அடுப்பை
போன வாரம் நான்தான் புகழ்ந்தேன்.
ஒரு செங்கல், எத்தனை பையின் கால்பங்கு?
கணக்கு எனக்கு நன்றாக வரும்.
அன்றுவரை போட்டுப் பார்த்ததில்லை.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
யாருக்கு யார் என்ன உறவென்று
பறிக்க வந்தவர்களுக்கும் தெரியும்.
முத்திரை தெளிவாக விழட்டும், என்றாள்,
மங்கினால் வரவே இல்லை என்பார்கள்.

மூன்று பிரதி.
அவருக்கு ஒன்று, அலமாரிக்கு ஒன்று,
அவளுக்கு ஒன்று.
குத்தினேன்.
மை போதாதோ என்று இன்னொரு முறை.
பிறகு என்னவோ என் வாய்
தானாகப் பேசிக்கொண்டே போனது:
இதைத் தொலைக்காதே,
நோட்டை யாரிடமும் கொடுக்காதே, காட்டினால் போதும்,
வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்பார்கள், போடாதே,
பாதிப் பணத்தை நீட்டினால் வாங்கிக்கொள்
ஆனால் பாதி என்றே எழுது.

கதவு வரை போய்த் திரும்பி வந்தாள்.
இன்னும் பதினான்கு படிவம் வேண்டும்.
அந்த லாரியில் அத்தனை பேர்.

ஞாயிறு மதியம் நான் போகவில்லை.
மகளிடம் சொல்லி அனுப்பினேன்.
தலைவலி, வரவில்லை.
இரண்டே சொல்.
என் சொற்களுக்கு இன்னும் கட்டணம் உண்டு.