பிழைத்த எழுத்து

பகாவ் ஆலையின் எடைமேடையில்
லாரி ஏறும், எண் விழும்,
செம்பனைக் குலைகளின் டன்னை நான் எழுதுவேன்.
பதினோரு வருடத்தில்
ஓர் எண்கூடப் பிசகியதில்லை.
அதனால்தான்
டாக்டர் நூராய்னி காகிதத்தைத் திருப்பி வைத்து
"ஓர் எழுத்துதான் மாறியிருக்கு, புவான்" என்றபோது
முதலில் கோபம் வந்தது,
கவனமில்லாத ஏதோ ஒரு கிராணிமேல்.

யுகேந்திரனுக்கு ஒன்பது வயது.
வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தவன்
ஏழெட்டு ஐம்பத்தாறில் மடங்கி விழுந்தான்.
பூச்சி என்றார்கள். வாயு என்றார்கள்.
காலையில் தின்ற நாசி லெமாக் என்றார்கள்.
நான்காம் முறை சிரம்பானில்தான்
இரைப்பைக்குப் பின்னே, முதுகை ஒட்டிப்
பேசாமல் படுத்திருக்கும் கணையம் என்றார்கள்.
பிறகு ரத்தம் கேட்டார்கள்,
அவனிடமும் என்னிடமும்.

குடலுக்குப் போய் விழிக்க வேண்டிய சாறு
புறப்பட்ட வீட்டிலேயே விழித்துக்கொள்கிறதாம்.
வீட்டையே சோறென்று தின்கிறதாம்.
பால் என்பதில் ஓர் எழுத்து மாறினால்
பாழ்.
விடியுமுன் மரம் மரமாக
அப்பா சீவி இறக்கியதும் பால்தான்.

அப்பா அங்கமுத்து
முட்டியை நெஞ்சோடு கட்டிக்கொண்டு
நாற்பத்தொன்றில் போனார்.
டிரசர் சவரியான்
'குடி' என்று ஒரே சொல்லில் முடித்தார்.
லயத்துக்கு அது போதுமாயிருந்தது.
அம்மா கோழிக்கூட்டுக்குப் பின்னால்,
அரிசி டின்னுக்குள், மழைக்கோட்டுப் பையில்
பாட்டில் தேடினாள்.
கிடைக்கவில்லை.
கிடைக்காததால் இன்னும் தேடினாள்.
"எவ்வளவு கெட்டிக்காரக் குடிகாரன்!"
சாவுக்கு வந்தவர்கள்கூட
குனிந்து ஒருமுறை மோந்து பார்த்தார்கள்.

பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார் டாக்டர்.
அவரிடமிருந்து எனக்கு,
என்னிடமிருந்து இவனுக்கு.
நடுவில் என்னிடம் முப்பத்தாறு வருடம்
ஒரு சத்தமும் போடாமல்
குடியிருந்திருக்கிறது.

தங்கை தவமலர் ரத்தம் தர மாட்டேனென்றாள்.
"தெரிஞ்சு என்னக்கா பண்ணப் போறே?"
வாசலில் அவள் பிள்ளைகள் இரண்டும்
பந்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.
எனக்கும் பதில் தெரியவில்லை.

சனிக்கிழமைச் சந்தையில் சவரியானைப் பார்த்தேன்.
குடிதான் ஐயா, நீங்கள் சொன்ன சொல் சரிதான்,
குடித்த குடி இல்லை,
குடிவழி
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவர் கெம்போங் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தபடி
"நீ எந்தத் தோட்டத்துப் பிள்ளை?" என்றார்.
தோட்டத்தின் பெயரை மட்டும் சொன்னேன்.

அம்மாவிடம் சொன்னது அன்று இரவு.
ஒன்றும் பேசவில்லை.
எழுந்து பின்பக்கம் போனாள்.
கோழிக்கூடு இப்போது இல்லை, சிமெண்டுத் தரை.
அதன்மேல் நின்று
இல்லாத பாட்டிலை
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளேயிருந்து யுகேந்திரன் கத்தினான்:
"பொரிக்க வேணாம்மா,
சுட்டு ஒரு அப்பளம் குடேன்."